நன்னீர்த் திருக்கை வளர்ப்பும் ஏரிக் காவலும்

பூந்தமல்லிச் சுற்றுப்புறத்தில் கிணற்று ஜல வசதியுள்ள நிலச்சுவான்தார்கள் சிலர், கொளத்தூர் அலங்கார மீன் சந்தையை நோக்கி மீன் தொட்டிகள் அமைக்க எண்ணக்கூடும். அவ்வித மீன்களுள் விலையுயர்ந்தது தென் அமெரிக்க நதிகளுக்குரிய நன்னீர்த் திருக்கை. அதனை வளர்க்கத் துணியுமுன் அதன் இயல்பையும், அதனால் நேரக்கூடிய அபாயத்தையும் நன்கு அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

இயல்பு: கடல் திருக்கையைப் போலன்றி இது உப்பு ஜலத்தில் பிழைக்காது. கெண்டையைப்போல் முட்டையிடுவதுமில்லை, குட்டி போடும். ஆணை, வாலின் அடியில் இருபுறமும் நீண்டிருக்கும் உறுப்புகளைக்கொண்டு அறியலாம். தாய் தன் கருப்பையிற் சுரக்கும் பால் போன்ற திரவத்தால் குட்டிகளைப் போஷிக்கிறது. தொட்டியிற் சினைக்காலம் சுமார் 3 மாதம். ஓர் ஈற்றில் பிறப்பன சில குட்டிகளே. ஆதலால் கெண்டைக் குஞ்சு வியாபாரத்தைப்போல் இதில் விரைவான பெருக்கத்தை எதிர்பார்க்கலாகாது.

தொட்டி: ஆழத்தைவிட அகலமே முக்கியம். அடியில் மெல்லிய மணல் பரப்புதல் வேண்டும். அம்மோனியா சேர்ந்தால் திருக்கை விரைவில் மடியும். ஆகையால் வடிகட்டும் சாதனமும், அடிக்கடி ஜலம் மாற்றுதலும் இன்றியமையாதவை. குளோரின் கலந்த குழாய் ஜலத்தை அப்படியே விடலாகாது. இணையுங் காலத்தில் ஆண் பெண்ணைக் கடித்துப் புண்படுத்துமாதலால், பிறகு இரண்டையும் பிரித்து வைத்தல் நலம்.

முள்: வாலிலுள்ள முள் விஷமுடையது. குத்துண்டவரின் அவயவத்தை, தோல் வேகாத அளவில் பொறுக்கக்கூடிய வெந்நீரில் அமிழ்த்தி வைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

ஏரிக்கு அபாயம்: சிங்கப்பூரில் மேல் செலேத்தார் நீர்த்தேக்கத்தில் இத்திருக்கை இனவிருத்தி செய்து நிலைத்துவிட்டதாக 2010-இல் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். வீட்டில் வளர்த்தவர்கள் விட்டவையே இதற்கு மூலமெனக் கருதப்படுகிறது. பூந்தமல்லிக்கு அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்குக் குடிநீர் தருவது. அதன் உபரி ஜலம் அடையாற்றில் சேருகிறது. 2015 டிசம்பர் முதல் தேதியில் விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அத்தகைய பெருவெள்ளத்தில் தாழ்ந்த வரப்புக் குட்டையிலுள்ள மீன் அங்கே தங்காது. ஏரியிற் புகுந்துவிட்டால் வலைஞர் காலுக்கு முள்ளும், நாட்டு மீனுக்குப் பகையும் ஏற்படும். பிறகு அதனை ஒழித்தல் அரிது.

ஆதலால் திருக்கையை மண் குட்டையில் விடாமல், உயரமான மேட்டில் மூடியுள்ள சிமெண்டுத் தொட்டியிலேயே வைக்கவேண்டும். வேண்டாத குட்டியை விற்றவரிடமே திருப்பித் தரலாமேயன்றி, எந்த ஜலநிலையிலும் விடலாகாது.

சட்டம்: கருந்திருக்கை முதலிய சில இனங்கள் 2022-இல் சர்வதேச வன உயிர் வர்த்தக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிற் சேர்ந்தன. அதே ஆண்டு திருத்தப்பட்ட நமது வன உயிர் பாதுகாப்புச் சட்டம், பட்டியலிலுள்ள உயிரினங்களை வைத்திருத்தலையும் அவற்றின் பிறப்பு, இறப்பு, கைமாற்றம் ஆகியவற்றையும் தெரிவித்துப் பதிவுசெய்யக் கட்டளையிடுகிறது. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, மழைக்காலத்திற்கு முன்னரே இத்தகைய தொட்டிகளைப் பார்வையிடும்படி செய்தால் ஊருக்குப் பெரும் நன்மையாகும்.