உங்களுக்குத் தெரியுமா? முழுச்சட்டக் கேமராவில் சாயும் திரை

நிக்கான் தன் முழுச்சட்ட டிஎஸ்எல்ஆர் கேமராவில் முதன்முதலாகச் சாயும் திரை வைத்தது 2014-இல், டி750 மாடலில்தான். ‘கீல் இருந்தால் உடையும், தூசியும் நீரும் புகும், தொழில்முறைக் கேமராவுக்கு இது எதற்கு?’ என்று கேட்டவர்கள் உண்டு. 2017-இல் 4.57 கோடி பிக்சல் கொண்ட டி850-க்கும் சாயும் திரை வந்தது. அத்தோடு அந்த வாதம் பாதி அடங்கியது.

பென்டாக்ஸ் கே-1 (2016) இன்னும் சுவாரசியம். நான்கு தண்டுகள் தாங்கும் அதன் திரையை மேலே, கீழே, பக்கவாட்டில் எப்படியும் சாய்க்கலாம். இருட்டில் பொத்தான்கள் தெரியத் திரைக்குப் பின்னால் குட்டி விளக்குகள் வேறு! இரவு வானம் எடுப்பவர்களை நினைத்தே செய்திருப்பார்கள் போலும்.

உண்மையான சிக்கல் கீலில் இல்லை. திரையைப் பார்த்து எடுக்கும்போது உள்ளிருக்கும் கண்ணாடி மேலே போய்விடும், வியூஃபைண்டர் இருண்டுவிடும், வழக்கமான வேக ஃபோகஸும் கைவிட்டுவிடும். டி750-இல் இந்த மந்தம் நன்றாகவே தெரியும். பட சென்சாரிலேயே ஃபோகஸ் செய்யும் கேனான் 6டி மார்க் 2 (2017) இதில் எவ்வளவோ தேவலை. அதன் திரை பக்கவாட்டில் திறந்து சுழலவும் செய்யும்.

2020-இல் வந்த நிக்கான் டி6, கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 இரண்டிலும் திரை அசையாது. விளையாட்டுப் படம் எடுப்பவருக்கு அது போதும். தரையோடு குனிந்து பூவையும் பூச்சியையும் எடுப்பவர் சாயும் திரையையே வாங்குங்கள், முதுகு தப்பிக்கும்.