மணலும் திரையும்

மணலே நம் நாட்டுப் பிள்ளைகளின் முதற் புத்தகம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, விரலால் அகரம் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிப் பயின்றவர்கள் நம் முன்னோர். 1789 முதல் 1796 வரை சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இவ்வழக்கத்தைக் கண்டு தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-ல் அதைக் குறித்து இங்கிலாந்தில் நூலும் வெளியிட்டார். அவர் கொண்டு சென்ற போதனா முறை அங்கே 'சென்னை முறை' என்ற பெயராலேயே வழங்கிற்று. மணலுக்கு அத்தகைய பெருமை எதனால் வந்தது? அதற்குச் செலவில்லை, ஒரு தடவையோடு தீர்ந்து போவதில்லை, எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதும் விரல் பிள்ளையினுடையது.

இன்று பாடசாலைகளில் புகுந்திருக்கும் யந்திர சாதனங்களை நாம் இந்த மூன்று குணங்களாலேயே நிறுத்துப் பார்க்க வேண்டும். 2018-ல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கிற்று. 2023-ல் மணற்கேணி என்னும் கைபேசிச் செயலி வந்தது. இவை வரவேற்கத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், திரையில் படம் ஓட, நாற்பது பிள்ளைகள் வாய்மூடிப் பார்த்திருப்பது கல்வியாகுமோ? அது வேடிக்கையேயன்றி வேறல்ல.

பிள்ளையின் கைக்கு வேலை கொடுத்த முயற்சியும் நம்மிடையே உண்டு. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் வழியைப் பின்பற்றி, 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலமெங்கும் பரவிற்று. பிள்ளை தானே அட்டையை எடுத்து, செயலை முடித்து, அடுத்த படிக்கு ஏறும். அதே அட்டை மறு ஆண்டு மற்றொரு பிள்ளைக்கு உதவும். மின்திரைக்கும் இதுவே நெறியாதல் வேண்டும்.

திருக்கோவிலூரையே உதாரணமாகக் கொள்வோம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது. அவ்வெள்ளத்தின் படத்தை உபாத்தியாயர் திரையில் காட்டுகிறார், நடுவில் நிறுத்துகிறார். "ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், அவ்வாறாயின் ஒரு வினாடியில் எத்தனை லிட்டர்?" என்று வினவுகிறார். பிள்ளைகள் முதலில் ஊகித்து எழுதுகிறார்கள். பின்பு கணக்கிட்டு, 47 லட்சத்துக்கு மேல் என்று கண்டு திகைக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, தத்தம் தெருவில் நீர் ஏறிய மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். மறு ஆண்டு வகுப்புக்கு இதே வினாவும் இதே படமும் போதும். அவ்வாண்டின் நீரளவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கணிதம், பூகோளம், ஊர்ச் சரித்திரம் மூன்றும் ஒரே பாடத்தில் அடங்குகின்றன.

இத்தகைய பாடத்தை ஓர் உபாத்தியாயர் இயற்றினால், அது அவர் மாறுதலாகிச் செல்லும் நாளில் அவரோடு போய்விடலாகாது. தமிழில் எழுதப்பட்டு, பொதுவில் வைக்கப்பட்டு, யாரும் திருத்திக்கொள்ள உரிமையுள்ளதாய் இருத்தல் வேண்டும். இதே மாவட்டத்தில், மேற்கே உள்ள கல்வராயன் மலைச் சிற்றூர்கள் பலவற்றில் கைபேசி அலை நிலையாகக் கிட்டுவதில்லை. ஆகையால், இணையத்தை நம்பியிராமல், சிறு நினைவு அட்டையிலே பாடங்களைப் பதிந்து மலைப்பள்ளிகளுக்கு அனுப்புவது அவசியம். சமவெளிப் பிள்ளைக்குக் கிட்டுவது மலைப் பிள்ளைக்கு மறுக்கப்படுமாயின், புதிய சாதனம் பழைய வேற்றுமையைப் பெருக்கவே உதவும்.

இதைச் சர்க்கார் தானே செய்யட்டும் என்று வாளாவிருத்தல் தகாது. 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தி, அதில் முக்கால் பங்கு பெற்றோருக்கே அளித்திருக்கிறது. ஊர்ப்பணியில் ஈடுபட்ட அன்பர்கள் அக்குழுவின் பெற்றோர்களைக் கண்டு, மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்யட்டும்: திரையில் ஓடும் பாடத்தில் பிள்ளைகள் செய்வது என்ன? அப்பாடம் அடுத்த ஆண்டும் உதவுமா? அலையில்லாத ஊருக்கும் அது சென்று சேருமா? மூன்றுக்கும் தக்க விடை கிடைத்தால், மணல் செய்த தொண்டைத் திரையும் செய்யும்.