கல்வெட்டில் பெயரில்லாத மச்சினன்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் குடத்தில் பெயர் ஓலையிட்டு ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் பேசினார். எனக்கென்னவோ அவற்றைப் படித்தால் விதிகளைவிட, அந்த விதிகளைப் போடவைத்த ஆசாமிகள்தான் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919இல் ஊர்ச் சபையின் ஒரு தீர்மானம். இரண்டே வருடத்தில், 921இல், அதையே விரித்து இன்னொன்று. 30 முதல் 60 வரை என்றிருந்த உறுப்பினர் வயது 35 முதல் 70 என்று மாறுகிறது. நடுவில் ஊரில் என்ன கூத்து நடந்ததோ!

ஏரி வாரியம் போன்ற ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அதோடு விட்டார்களா? அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் மக்கள், மாமனார், மனைவியின் உடன்பிறந்தான், சகோதரியின் கணவர், மருமகன் என்று தடை நீள்கிறது. சும்மா யாரும் மச்சினன் வரை போய்க் கல்லில் வெட்ட மாட்டார்கள். ஏரிக் காசில் கைவைத்துவிட்டு, அடுத்த முறை மச்சினனை உள்ளே அனுப்பப் பார்த்த ஒரு மகானுபாவர் அந்த ஊரில் இருந்திருக்க வேண்டும்.

ஓலை எடுக்கும் முறை இன்னும் சுவாரசியம். குடத்தில் கைவிடுவது விவரம் அறியாத சிறுவன். அவனிடமிருந்து ஓலையை வாங்கும் நடுவரான மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, பெயரை உரக்க வாசிக்க வேண்டும். பிறகு அங்கே கூடியிருக்கும் நம்பிமார் என்ற கோயில் அர்ச்சகர்கள் அனைவரும் வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை வைத்திருந்த கில்லாடி யாரோ?

கழுதை மேல் ஏறியவருக்கும் கள்ளக் கையெழுத்து இட்டவருக்கும்கூட இடமில்லை. கழுதை ஏற்றம் அந்நாளைய தண்டனை.

இதை முழு ஜனநாயகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. அது பிராமணர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி எல்லாம் வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு ஓலை கிடையாது.

ஆனால் கணக்கு விஷயத்தில் நாம் அவர்களைவிடத் தாராளம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, தேர்தல் செலவுக் கணக்கை முறையாகத் தாக்கல் செய்யாதவருக்கு 3 ஆண்டுத் தடை விதிக்கலாம். மச்சினனை யாரும் கேட்பதில்லை.

921ஆம் ஆண்டின் அந்த நீண்ட உறவுப் பட்டியலில் சகோதரியின் கணவர் உண்டு; உறுப்பினரின் சொந்தக் 'கணவர்' மட்டும் இல்லை. பெண்களுக்கு ஓலையே இல்லாத ஊரில் அதற்குத் தேவையும் இல்லை. இன்று தமிழக உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. கிராமசபையில் தலைவரிடம் கேள்வி கேட்டால், பக்கத்து நாற்காலியிலிருந்து வீட்டுக்காரர் எழுந்து பதில் சொல்கிறார். இப்போது விதி எழுத உட்கார்ந்தால், மச்சினனுக்கு முன்னால் அவரைத்தான் எழுத வேண்டியிருக்கும்.