‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’

தெருநாய் கடித்தவர் பெரும்பாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார். தெரிந்தவர் வீட்டு நாய் கடித்தவரோ மூன்றாம் நாள் வருகிறார், அல்லது வேறொரு நோய்க்காக வந்த இடத்தில் காலைக் காட்டி, “இது போன வாரம் பட்டது” என்கிறார். சிலர் வருவதேயில்லை. ஏன் தாமதம் என்று கேட்டால் எங்களுக்குக் கிடைக்கும் விடைகள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கின்றன. “பக்கத்து வீட்டு நாய்தான் டாக்டர்.” “ஊசி போட்ட நாய் என்று சொன்னார்கள்.” “ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்கள் மனம் சங்கடப்படுமே என்று விட்டுவிட்டோம்.”

தஞ்சைப் பகுதியில் இதற்கு முகதாட்சண்யம் என்று பெயர். நல்ல குணந்தான். ஆனால் நாய்க்கடியைப் பொறுத்தவரை இதைவிட ஆபத்தான குணம் வேறில்லை என்பது எங்கள் கருத்து.

வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் ரேபிஸ் கிருமிக்குத் தெருநாய், வீட்டு நாய் என்ற வேறுபாடு கிடையாது. நோயுற்ற நாயின் உமிழ்நீரில் அது இருக்கிறது. கடியின் வழியாகத் தசைக்குள் புகுந்து, அங்கிருந்து நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலானோருக்கு இந்தப் பயணம் ஒன்று முதல் மூன்று மாதங்கள் எடுக்கும். சிலருக்கு ஒரு வாரத்திலும் முடியலாம், சிலருக்கு ஓராண்டையும் எட்டலாம். முகத்திலும் கழுத்திலும் கையிலும் பட்ட கடி விரைவில் மூளையை அடையும். குழந்தைகளின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதை எண்ணிப் பாருங்கள். தண்ணீரைக் கண்டு அஞ்சுதல், காற்றுப் பட்டாலே தொண்டை இறுகுதல் ஆகிய அறிகுறிகள் தோன்றிவிட்டால் அதன்பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே முறையாகச் சிகிச்சை பெற்றவர்களோ ஏறக்குறைய அனைவரும் பிழைத்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாள்களைத்தான் முகதாட்சண்யம் தின்றுவிடுகிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதருக்கு இந்நோய் பரவுவதில் நூற்றுக்கு 99 பங்கு நாய்களால் நேர்கிறது. இந்தியாவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின.

கடந்த 2025ஆம் ஆண்டு முழுவதும் நாடே நாய்களைப் பற்றிப் பேசியது. தலைநகர் தில்லியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்குமாறு ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் அவற்றைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்று அதனைத் திருத்தியது. நவம்பர் 7 அன்று பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. தேநீர்க் கடை முதல் நீதிமன்றம் வரை நடந்த இந்த விவாதத்தில் ஒரு தரப்பார் மட்டும் சத்தமில்லாமல் தப்பித்துக்கொண்டார்கள். வீட்டில் நாய் வளர்த்து, காலையும் மாலையும் கதவைத் திறந்து தெருவுக்கு அனுப்பிவிடுபவர்களைச் சொல்கிறோம்.

2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாயையும் தெருநாயையும் தெளிவாகப் பிரித்திருக்கின்றன. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி போடுவதும் கருத்தடை செய்வதும் உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் நம் தெருக்களில் திரியும் பல நாய்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. சோறு ஒரு வீட்டில், கழுத்துப் பட்டையும் உண்டு, பெயரும் உண்டு. கடித்துவிட்டால் மட்டும் அது யாருடைய நாயும் இல்லை. குட்டியாக இருக்கும்போது ஆசைப்பட்டு வாங்கி, வளர்ந்து தீனிச் செலவு கூடியதும், அல்லது பெட்டை ஈனத் தொடங்கியதும், சாக்கில் கட்டிக் கொண்டுபோய் ஆற்றங்கரையிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இன்றைய தெருநாய்களில் ஒரு பகுதி நேற்றைய வீட்டு நாய்களே.

இதற்கு நம் மண்ணுக்கேயுரிய ஒரு பின்னணியும் உண்டு. காவிரிப் படுகையில் நாயைக் கட்டி வளர்க்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்ததில்லை. களத்து நெல்லுக்குக் காவல், மாட்டுக் கொட்டகைக்குக் காவல், அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடுகளோடு வரும் கீதாரிகளுக்குத் துணை என்று அவிழ்த்து விடப்பட்ட நாய்க்கு அங்கே வேலை இருந்தது. அகன்ற வயல்வெளியும் இருந்தது. வேற்றாள் வந்தால் நூறடிக்கு முன்பே குரைத்துச் சொல்லும். வருபவரும் நின்று குரல் கொடுப்பார். அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு இருபதடிச் சாலை உள்ள நகர்களில் குடியேறியிருக்கிறோம். இங்கே நாய்க்குத் தன் வீட்டு வாசல் எது, பொதுச் சாலை எது என்று தெரியாது. பால்காரரும் பள்ளிப் பிள்ளையும் அதற்கு வேற்றாள்களே.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2024ஆம் ஆண்டு மே 5 அன்று நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மாநகராட்சிப் பூங்காவில் காவலாளியின் ஐந்து வயது மகளை, கட்டாமல் விடப்பட்ட இரண்டு ராட்வீலர் நாய்கள் குதறின. குழந்தையின் தலையில் பெருங்காயம். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. உரிமையாளர் கைதானார். அதன் பிறகே வளர்ப்பு நாய்க்கு உரிமம் வேண்டும் என்ற பழைய விதி சென்னைவாசிகளுக்கு நினைவுக்கு வந்தது. அப்போது ஆண்டுக்கு ஐம்பது ரூபாய் கட்டணமிருந்த அந்த உரிமத்துக்குத் திடீரென விண்ணப்பங்கள் குவிந்தன. பூங்காவுக்குக் கொண்டுவரும் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்றும் அறிவிக்கப்பட்டது. ஓர் இனத்தின் மீது பழி போட்டுவிட்டு மற்றவர்கள் நிம்மதியடைந்ததையும் அப்போது கண்டோம். ராட்வீலர் கடித்தால் செய்தியாகிறது. வீட்டு நாட்டு நாய் கடித்தால் செய்தியாவதில்லை. கிருமிக்கு இனமும் தெரியாது.

இதில் எங்களுக்குத் தொழில் முறையிலும் ஒரு கவலை உண்டு. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களிடம் நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லி எழுதிக் கொடுப்பவர்கள் நாங்கள்தாம். அவர்கள் எங்கே நடப்பார்கள்? சிவகங்கைப் பூங்காவில், கல்லணைக் கால்வாய்க் கரையில், மருத்துவக் கல்லூரிச் சாலை ஓரங்களில், தத்தம் நகரின் உட்சாலைகளில். விடியற்காலை ஐந்தரை மணிக்கு நடப்பவரும், அதே நேரத்தில் அவிழ்த்து விடப்படும் நாயும் ஒரே சாலையில் எதிர்ப்படுகிறார்கள். நடைப்பயிற்சியை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், “அந்தத் தெருவில் நாய் தொல்லை” என்ற விடையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். பல்லே படாமல் ஒரு நாய் ஒரு மனிதரின் சர்க்கரை அளவை ஏற்றிவிடுகிறது!

நோயாளிகளுக்கு வரும் தீங்கு மற்றவர்களுக்கு வருவதைவிடக் கூடுதலானது. நாய் துரத்தி விழும் எழுபது வயது மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அது அவரது எஞ்சிய வாழ்க்கையையே மாற்றிவிடும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்குச் சிறு கடியிலும் குருதி நிற்காது. நீண்டகால நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர், பாதத்தில் பட்ட பல்லை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதே காண்கிறார். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு நாயின் வாயில் இயல்பாகவே வாழும் ஒருவகைக் கிருமி, ஓரிரு நாள்களில் இரத்தம் முழுவதும் பரவி உயிருக்கு உலை வைக்கக்கூடும். புற்றுநோய் மருந்தேற்றிக்கொள்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு ரேபிஸ் தடுப்பூசியின் பலன் குறைவாக இருக்கலாம். ஆகவே சிறு கீறலானாலும் தங்கள் நோயையும் மருந்துகளையும் ஊசி போடும் மருத்துவரிடம் அவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும்.

“எங்கள் நாய் ஒன்றும் செய்யாது” என்று உரிமையாளர் சொல்வது பொய்யன்று. அவரை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கைத்தடி ஊன்றி வருபவரைக் கண்டால் தடி தன்னை அடிக்க ஓங்கப்படுவதாக அது எண்ணக்கூடும். ஓடும் குழந்தையைத் துரத்துவது அதன் இயல்பு. குட்டி ஈன்ற பெட்டையும், தின்றுகொண்டிருக்கும் நாயும், உடல்நோவுள்ள நாயும் தம் எசமானரையே கடிப்பதுண்டு. கயிறு என்பது நாய்க்குத் தண்டனை அன்று. எதிரே வருபவருக்கு அது ஓர் உறுதிமொழி. எங்களில் சிலரும் நாய் வளர்ப்பவர்கள்தாம். மழைக்காலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாயோடு சேற்றில் இழுபடுவதன் சிரமம் எங்களுக்கும் தெரியும்.

கடியைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது. யாரும் பேச விரும்பாத ஒன்று. நாயைத் தெருவுக்கு அழைத்துச் செல்வதன் முதன்மை நோக்கம் அடுத்த வீட்டு மதிற்சுவரோரத்தில் அதனை மலம் கழிக்கச் செய்வதே என்று கருதுவோர் பலர். குடற்புழு நீக்க மருந்து கொடுக்கப்படாத நாயின் மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மணலில் அவை பொரித்து, வெறுங்காலின் தோலுக்குள் நுழைகின்றன. தோலின் அடியில் வளைந்து வளைந்து கோடு போட்டதுபோல் செந்தடிப்பு ஊர்ந்து செல்லும். இரவில் அரிப்புத் தாங்காது. ஆற்று மணலும் வாய்க்கால் கரையும் நாற்றங்காலும் நிறைந்த நம் ஊரில், நடவுக்குச் செல்பவர் முதல் படித்துறையில் குளிப்பவர் வரை எத்தனை பேர் வெறுங்காலோடு நடக்கிறார்கள்! ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் படித்துறையில் கூடும் கூட்டத்தில் செருப்பணிந்தவரை எண்ணிவிடலாம். ஒரு பழைய செய்தித்தாளும் ஒரு பையும் இருந்தால் மலத்தை அள்ளிவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி புழு நீக்க மருந்தும் கொடுக்கலாம்.

இனி, கடி நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு வருவோம். முதலில் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்டது. கிருமியில் பெரும்பகுதியை இதுவே வெளியேற்றுகிறது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, பச்சிலை எதையும் அப்பக்கூடாது. கட்டுப் போட வேண்டாம். பின் நேராக அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். அங்கே தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணி 3, 7, 28ஆம் நாள்களில் அடுத்தடுத்த ஊசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேரும். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்கும், புண் உள்ள இடத்திலோ வாயிலோ கண்ணிலோ நாய் நக்கியதற்கும் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தைக் காயத்துக்குள்ளும் காயத்தைச் சுற்றியும் செலுத்தியாக வேண்டும். தடுப்பூசி உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்க நாளாகும். அதுவரை காவல் இருப்பது இந்த மருந்தே. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இவற்றைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். பத்தியம் எதுவும் இல்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்ட அந்தப் பழைய ஊசி 2005க்குப் பிறகு நம் நாட்டில் போடப்படுவதில்லை. இப்போது ஊசி கையில்தான்.

கடித்தது தடுப்பூசி போட்ட நாயாகவே இருந்தாலும் நீங்கள் சிகிச்சையைத் தொடங்கியே ஆக வேண்டும். நாய்க்குப் போட்ட ஊசி காலாவதியாகியிருக்கலாம், பலனளிக்காமலும் போயிருக்கலாம். அதே வேளையில் நாயைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டும். பத்து நாளும் அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் உமிழ்நீரில் கிருமி இல்லை என்று கொள்ளலாம். எஞ்சிய ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். தெருநாய் விஷயத்தில் இந்த வசதி கிடைப்பது அரிது. வளர்ப்பு நாய் கடித்தவருக்கு இருக்கும் ஒரே அனுகூலம் இதுதான், அதுவும் உரிமையாளரின் நேர்மையைப் பொறுத்தது. பயந்துபோய் நாயை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவதும், அடித்துக் கொன்றுவிடுவதும், “அது எங்கள் நாயே இல்லை” என்று மறுப்பதும் கடிபட்டவரின் இந்த அனுகூலத்தைப் பறிக்கும் செயல்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய கவனம் எடுக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் நாங்கள் எதிர்பார்ப்பது வழக்கை அன்று. கடிபட்டவர் வாய் திறப்பதற்கு முன் உரிமையாளரே சென்று, “வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்று அழைத்து வருவதையே எதிர்பார்க்கிறோம். அப்படி வருபவர்களும் உண்டு.

வரும்போது நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்து வாருங்கள். கடைசியாக ஊசி போட்ட தேதி, நாயின் வயது, சீண்டியதால் கடித்ததா, காரணமின்றிக் கடித்ததா, கடிக்கு முன் சில நாள்களாகச் சோறு தின்றதா, வேறு யாரையாவது கடித்ததா என்பவற்றைச் சொல்லுங்கள். அடுத்த பத்து நாளும் நாயைக் கட்டிப்போட்டுச் சோறும் தண்ணீரும் வையுங்கள். அது சோர்ந்து படுத்தாலோ, வாயில் உமிழ்நீர் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, காணாமற்போனாலோ, இறந்தாலோ அன்றைக்கே, இரவானாலும், கடிபட்ட குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் தொலைபேசியில் தெரிவித்துவிடுங்கள்.