கேமரா குற்றம் சாட்டலாம், தீர்ப்புக் கூறலாமா?

வில்லியனூரிலிருந்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் போகும் தோழருக்கும், பாகூரிலிருந்து முள்ளோடையைத் தாண்டிக் கடலூருக்கு வேலைக்குப் போகும் தோழருக்கும் இருசக்கர வண்டிதான் கால். அந்த வண்டியின் பேரில் ஒருநாள் கைப்பேசிக்கு ஒரு சீட்டு வருகிறது. தலைக்கவசம் இல்லையாம், ஆயிரம் ரூபாய் அபராதமாம்! வழிமறித்த போலீஸ்காரர் இல்லை. விளக்கம் கேட்டவர் எவருமில்லை. கம்பத்தின் மேலிருந்த கேமரா பிடித்த படத்தால் வந்த சீட்டு அது.

சீட்டைக் கண்டதும் கலங்கி, கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார் ஒருவர். வந்தால் வரட்டும் என்று அலட்சியமாக இருந்துவிடுகிறார் இன்னொருவர். இரண்டும் தவறு, தோழர்களே! கேமரா சாட்டுவது குற்றச்சாட்டு. அதற்குப் பதில் சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

இது ஓர் ஊரோடு நிற்கும் விஷயமல்ல. நமது மாஹேயைச் சூழ்ந்துள்ள கேரளத்தில் 726 கேமராக்கள் கொண்ட திட்டத்தின்கீழ் 2023 ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும்.

2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 136-ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதன்படி 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 167-ஏ விதியை வகுத்தது. அந்த விதி வண்டிக்காரரை மட்டுமா கட்டுப்படுத்துகிறது? கேமராவையும் கட்டுப்படுத்துகிறது! கருவிக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கேமரா இருக்கும் சாலையில், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சீட்டில் நாள், நேரம், இடம், மீறிய சட்டப்பிரிவு ஆகியவற்றோடு, குற்றமும் வண்டி எண்ணும் தெளிவாகத் தெரியும் படமும் இருக்க வேண்டும்.

எனவே முதலில் படத்தைப் பாருங்கள். வண்டி உம்முடையதுதானா? எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா? அந்த நேரத்தில் நீர் ஆலையில் வேலையில் இருந்தீரா? அப்படியானால் வருகைப் பதிவே உமது சாட்சி! இ-சலான் இணையதளத்தில் புகார் எழுதலாம், போக்குவரத்துப் போலீஸ் அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், நீதிமன்றத்திலும் வாதாடலாம். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்துவிடும்.

ஆயிரம் ரூபாய்தானே என்று எண்ணாதீர். தலைக்கவசக் குற்றத்துக்கு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்க நேரும் என்றும் 194-டி பிரிவு சொல்கிறது. வண்டியோட்டிப் பிழைப்பவருக்கு மூன்று மாதம் உரிமம் போனால், அடுப்பில் உலை ஏறுவது எப்படி?

இன்னொன்று: பழைய வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். இல்லையேல் ஓட்டுபவர் ஒருவர், சீட்டு வாங்குபவர் இன்னொருவர்! பதிவில் சரியான கைப்பேசி எண்ணும் இருக்கட்டும். போலிச் சலான் அனுப்பிப் பணம் பறிக்கும் கூட்டமும் இருக்கிறது. வந்த இணைப்பை அழுத்தாமல், சர்க்கார் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்ற கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு.

தலைக்கவசம் இல்லாமல் போய்விட்டுக் கேமராவைத் திட்டச் சொல்லவில்லை. தவறு நமதென்றால் கட்டுவோம், தலையையும் காப்போம். ஆனால் செய்யாத தவறுக்கு உழைத்த காசைக் கொடுப்பானேன்? வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களில் சலான் உதவி மேசை வைக்கும்படி சர்க்காரைக் கேட்போம். அதுவரை, சீட்டைப் படித்துச் சொல்லவும் மனு எழுதித் தரவும் கிளைதோறும் ஒரு தோழர் அமரட்டும். இந்த வாரமே தொடங்குங்கள்!