தாயில்பட்டியிலிருந்து தீவுக்கு ஒரு டூர்... எந்த மாதம், எந்தத் தீவு?

ஊரெல்லாம் தீபாவளிக்கு லீவு போட்டுக் கொண்டாடிவிட்டு வேலைக்குத் திரும்பும்போதுதான், தாயில்பட்டிப் பக்கம் லீவே ஆரம்பிக்கும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பண்டிகை முடிந்ததும் பயர் ஆபீஸ்கள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். அதன்பிறகு பூஜை போட்டு, அடுத்த தீபாவளிக்கான வேலையைத் தொடங்குவார்கள். வருஷம் முழுக்க உழைத்தவர்கள் கையில் போனஸ் பணமும், முன்னால் சில வாரங்கள் ஓய்வும் இருக்கும் நேரம் இது. ‘ஒரு தடவையாவது பிள்ளைகளுக்குக் கடலையும் தீவையும் காட்டிடணும்’ என்ற பேச்சு பல வீடுகளில் எழுவதும் அப்போதுதான்.

ஆசை நியாயமானது. ஆனால், நம் லீவும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் கொந்தளிக்கும் காலம். போனில் பார்க்கும் நீலக்கடல் படத்தை நம்பி நவம்பரில் டிக்கெட் போட்டால், சேர்த்த காசு லாட்ஜ் அறையில் மழையை வேடிக்கை பார்ப்பதிலேயே கரைந்துவிடும். அதனால் முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்; தீவு தானாக முடிவாகிவிடும்.

தீபாவளி முடிந்ததுமா? ராமேஸ்வரம் போதும்!

தீவு என்றதும் விமானம்தான் ஏற வேண்டும் என்பதில்லை. பாம்பன் பாலத்தைக் கடந்துவிட்டால் நீங்கள் நிற்பது தீவில்தான். மதுரைக்குப் போய் அங்கிருந்து ரயில் பிடித்தால், கடல்மேல் போகும் அனுபவமும் கிடைக்கும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக, நடுப்பகுதி அப்படியே மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதி திறக்கப்பட்டது. பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள்.

தீபாவளிக்குப் பிறகு பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பதால், சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணமே வசதி. கோயில், அக்னி தீர்த்தம், 2017-ல் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகம், 1897-ல் விவேகானந்தர் வந்திறங்கிய குந்துகால், தனுஷ்கோடி... எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில், தனுஷ்கோடிக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் அடித்துச் சென்றது. ஊரே அழிந்தது. அந்த மிச்சச் சுவர்களைத்தான் இன்று நின்று பார்க்கிறோம். அரிச்சல்முனையில் கடலைப் பார்த்து ரசிப்பதோடு சரி. குளிக்க இறங்க வேண்டாம். நீரோட்டம் பலமானது. குளிப்பதற்கு அலை குறைந்த அக்னி தீர்த்தம் இருக்கிறது.

சித்திரைப் பொங்கல் லீவா? அந்தமானை யோசிக்கலாம்

வருஷத்தில் இன்னொரு வாய்ப்பும் நமக்கு உண்டு. சிவகாசிச் சித்திரைப் பொங்கலை ஒட்டிய விடுமுறையும், பிள்ளைகளின் முழுப்பரீட்சை லீவும் கிட்டத்தட்டப் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவதே அந்தத் தீவுகளைத்தான். மே மூன்றாம் வாரத்தை ஒட்டி அங்கே வந்துவிடும். ஆகவே ஏப்ரல் கடைசி, மிஞ்சினால் மே முதல் வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம். கப்பலிலும் போகலாம், ஆனால், மூன்று நாள் வரை ஆகும். போக, வர அதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹேவ்லாக் தீவு இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் தீவு ஷஹீத் தீவு. டிக்கெட் போடும்போது பெயரில் குழம்பாதீர்கள். இந்தியர்களான நமக்கு இந்த மூன்று இடங்களுக்கும் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம். பழங்குடிகள் வாழும் காப்புப் பகுதிகளுக்கு மட்டும் போகக்கூடாது.

1906-ல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையும், ராதாநகர் கடற்கரையும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். முருகன் கோயிலும் உண்டு. பேச்சுக்கும் இட்லிக்கும் பஞ்சமில்லை. சூரியன் அங்கே சீக்கிரமே மறைந்துவிடும் என்பதால், காலையிலேயே கிளம்பப் பழகிக்கொள்ளுங்கள்.

அனுபவஸ்தர்கள் சொல்லும் ஒரு யோசனை: கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே தங்கும்படி திட்டமிடுங்கள். கடல் சரியில்லை என்று தீவுகளுக்கு இடையிலான படகு நின்றுவிட்டால், ஊர் திரும்பும் விமானத்தைக் கோட்டைவிட நேரும்.

இலங்கை போக ஆசையா?

பாஸ்போர்ட்டும் இணையவழி விசாவும் முன்கூட்டியே வேண்டும். பெரியவர்களுக்குச் சாதாரண பாஸ்போர்ட் கட்டணம் 1,500 ரூபாய். இங்கும் மாதம்தான் முக்கியம். கொழும்பு, காலி பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை நன்றாக இருக்கும். திருகோணமலை உள்ளிட்ட கிழக்குக் கரை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அமைதி. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பலைக்கூட மழைக்காலத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நவம்பரில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

போனஸில் கை வைக்கும் முன்...

ஆலை மூடிய வாரங்களில் சம்பளம் வராத வீடு என்றால், முதலில் அந்த வாரங்களின் அரிசி, பால், பள்ளிச் செலவு, சீட்டுத் தவணை எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தில்தான் டூர். டூருக்காக அட்வான்ஸோ, வட்டிக் கடனோ வாங்கினால், இரண்டு நாள் சந்தோஷத்துக்கு அடுத்த தீபாவளி வரை கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

எளிய வழி ஒன்று உண்டு. சனிக்கிழமைச் சம்பளத்தில் கணவன், மனைவி ஆளுக்கு 150 ரூபாய் ஒதுக்கினால் வாரம் 300. ஐம்பது வாரத்தில் 15,000 ரூபாய். நான்கு பேர் ரயிலில் ராமேஸ்வரம் போய்வர இது தாராளம். அந்தமான் போக விரும்பினால் இரண்டு, மூன்று வருஷத்துக்குச் சேருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். அறை எடுக்கும்போது, ‘மழையால் வர முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?’ என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டாசு ஊர்க்காரர்களுக்கு மட்டும்!

‘சிவகாசிப் பக்கத்திலிருந்து வர்றீங்க, பட்டாசு எங்கே?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டிகூட வேண்டாம். ரயிலில் பட்டாசு கொண்டுபோனால், ரயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். விமானத்தில் பட்டாசு மட்டுமல்ல, தீப்பெட்டிக்கும் லைட்டருக்கும் இடமில்லை. கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது.

விமான நிலையத்தில் பைகளைத் துடைத்து, வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். எனவே வேலைக்குப் போட்ட சட்டை, செருப்பு, சோத்துப் பை எதையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். துவைத்த துணியை வேறு பையில் வையுங்கள். திரும்பும்போது பவளப்பாறைத் துண்டுகளைப் பெட்டியில் போடுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

இந்தச் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்கும்போது, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து காலண்டரைப் புரட்டுங்கள். லீவு எந்த மாதம், மழை எந்த மாதம் என்று குறித்துவிட்டு, எந்தத் தீவு என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். ஊருக்கெல்லாம் கொண்டாட்டம் செய்து அனுப்புகிற கைகளுக்கு, கடற்கரை மணலில் இரண்டு நாள் ஓய்வு கண்டிப்பாக வேண்டும்!