‘பாசிட்டிவ்’ வந்தால் பாதிதான் உண்மை

கர்ப்பிணியின் கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்தே வயிற்றுக் குழந்தையின் குரோமோசோம் கோளாற்றை ஊகிக்கும் சோதனை, 2011-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ மிதப்பதை ஆய்வாளர் டென்னிஸ் லோ குழுவினர் 1997-இல் காட்டியதே இதற்கு அடிப்படை. ‘99 சதவீதம் துல்லியம்’ என்று இதைச் சொல்வார்கள். ஆபத்துள்ள கர்ப்பங்களைக் கவனிக்கும் சிறப்பு மருத்துவர்களின் மரபியல் பாடத்தில் முக்கியமான பகுதி, இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதுதான்.

கணக்கு எளிது. 25 வயதுள்ள 10,000 கர்ப்பிணிகள். ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்தால், டவுன் சிண்ட்ரோம் உள்ள கருக்கள் 10. சோதனை அநேகமாகப் பத்தையும் பிடித்துவிடும். ஆனால் மீதி 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாக ‘பாசிட்டிவ்’ காட்டினால், அதுவும் 10. ஆக, ‘பாசிட்டிவ்’ வந்த 20 பேரில் பாதிப் பேரின் குழந்தைக்கு ஒன்றுமில்லை. 40 வயதில் கோளாறு நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு ஏறிவிடுவதால், அதே ‘பாசிட்டிவ்’ பத்துக்கு ஒன்பது முறை உண்மையாகிறது. சோதனை அதேதான், வயது மாறியதும் அர்த்தம் மாறிவிட்டது. பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் அழுதுகொண்டிருக்கும் தம்பதி எதிரே உட்கார்ந்திருக்கும்போது இதை விளக்கத் தனிப் பழக்கம் வேண்டும்.

தவறு நேர உடல்சார்ந்த காரணமும் உண்டு. தாயின் ரத்தத்தில் மிதக்கும் ‘கருவின் டிஎன்ஏ’ பெரும்பாலும் நஞ்சுக்கொடியினுடையது, குழந்தையுடையது அன்று. இரண்டும் ஒரே கருமுட்டையிலிருந்து வளர்ந்தாலும், சில சமயம் கோளாறு நஞ்சுக்கொடியோடு நின்றுவிடும். அதனால்தான் இந்த முடிவை மட்டும் நம்பி யாரும் கர்ப்பத்தைக் கலைக்க முடிவெடுக்கக் கூடாது என்று பயிற்சியில் அழுத்திச் சொல்கிறார்கள். உறுதி செய்ய, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் இந்தச் சிறப்பு மருத்துவர்களின் பயிற்சி, மகப்பேறு மருத்துவத்தில் நான்கு ஆண்டுகள் முடித்த பிறகு மேலும் மூன்று ஆண்டுகள். முன்பு குரோமோசோம்களை நுண்ணோக்கியில் எண்ணிய முடிவைப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் ஓரளவு போதுமானதாக இருந்தது. இன்று மைக்ரோஅரே என்ற டிஎன்ஏ சோதனை, குரோமோசோமில் உள்ள நுண்ணிய இழப்புகளையும் காட்டுகிறது. 2012-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஸ்கேனில் உறுப்புக் குறை தெரிந்தும் குரோமோசோம் எண்ணிக்கை சரியாக இருந்த கருக்களில் சுமார் 6 சதவீதத்தில் முக்கியமான மாற்றம் கிடைத்தது.

கூடவே, நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாத மாற்றங்களும் வந்து சேர்கின்றன. என்னைக் கேட்டால் கடினமான பாடம் இதுதான். அப்போது பெற்றோர் இருவரின் ரத்தத்தையும் சோதிப்பார்கள். நலமாக இருக்கும் அப்பாவிடமோ அம்மாவிடமோ அதே மாற்றம் இருந்தால் பெரும்பாலும் நிம்மதிதான். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்: ஒரே மாற்றம் ஒருவரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, அவர் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிப்பதும் உண்டு.